மூன்றாம் நாளுக்கு முன் ரயிலேறியவன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருவனுக்காக ஒரு பாட்டைப் பாடச் சொன்னார்கள், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு ஏதாவது உயர்ந்த காரணத்தை நான் பின்னால் அவிழ்த்துவிட்டால் நம்பாதீர்கள்.

வருடத்தில் பதினொரு மாதம் ஹட்டனில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறேன். மாசி பிறந்தால் வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு நான்தான் பாட்டுக்காரன். பாட்டெல்லாம் எழுதிய கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. கொப்பி வைத்திருப்பவனெல்லாம் எழுத்தாளன் ஆகிவிட முடியுமா என்று நீங்கள் கேட்டால், முடியாது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி சொல்லும்.

கதை ஒரு பேஸ்போல் ஆட்டக்காரனைப் பற்றியது. (கிரிக்கெட் இல்லை. அச்சகத்தில் எல்லோருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. பேஸ்போல்.) பெயர் விஜிதரன், வயது இருபத்தாறு, பந்து எறிபவன். கொழும்பில் ஒரு கழகத்துக்காக இரண்டு பருவம் எறிந்தான். முதல் பருவம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் பருவம் ஆட விடாமல் ஓரத்து வாங்கில் உட்கார வைத்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அவன் கை திரும்பி வருமா, வராதா? கேள்வி அவ்வளவுதான்.

எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

2

முதல் ஆரம்பம்: வட்டவளை ஸ்டேஷனில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்—

வெட்டியாயிற்று. மலையகக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டும் என்று எந்த மகராசன் சட்டம் போட்டானோ தெரியாது. இந்தக் கதையில் பனியே வராது. இது சத்தியம்.

இரண்டாம் ஆரம்பம்: ஜப்பானிலிருந்து தொண்டு செய்ய வந்த ஒரு மனிதர் ஊர் திரும்பும்போது பள்ளிக்கூடத்தில் இரண்டு கிளவுசும் ஒரு டசன் பந்தும் விட்டுப்போக, அதில் ஒரு கிளவுஸ் விஜிதரனுக்கும் மற்றது ஜீவராஜுக்கும்—

உண்மைதான். ஆனால் பள்ளி ஆண்டு மலர் வாசனை அடிக்கிறது. உங்களுக்குத் தேவையானது இவ்வளவே: இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே வகுப்பு. விஜிதரன் எறிவான், ஜீவராஜ் குந்தியிருந்து பிடிப்பான். பெரட்டுக்களம் என்று எங்களுக்கு ஒரு மண்தரை இருக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடுமிடம். அங்கே தண்ணீர்ப் பீலியிலிருந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை அறுபதரை அடி. ஆட்டத்தில் எறிகிற தூரமும் சரியாக அதே அறுபதரை அடி. இன்று ஜீவராஜ் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறான். ஆள் குட்டை, கழுத்தே கிடையாது, முழங்காலில் பலம். கூத்தில் அவன்தான் ரதி. முகத்தை மழுங்க வழித்துச் சேலை கட்டிவிட்டால் தோட்டத்துப் பெண்களே பொறாமைப்படுவார்கள். சிரிக்காதீர்கள். அவன் ஒப்பாரி வைத்தால் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கூடக் கண்ணைத் துடைப்பார்.

மூன்றாம் ஆரம்பம்:

"தனு, இந்தக் கைய எடுத்து அங்கிட்டு வையி."

ஒரு ஞாயிறு மத்தியானம், படுத்திருந்த விஜிதரன் தன் மனைவியிடம் சொன்னான். தனுஜா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அவன் வலது கையைத் தூக்கினாள். கை கனத்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போன சாமானைப் பார்ப்பதுபோல. அப்போதுதான் அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

இந்த ஆரம்பம் இருக்கட்டும்.

3

காமன் கூத்து தெரியாதவர்களுக்கு: சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். ரதி அழுது புரள்கிறாள். மூன்றாம் நாள் சிவன் மனமிரங்கி உயிர் கொடுக்கிறார், ஆனால் ஒரு நிபந்தனை. எழுந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். உலகத்துக்குத் தெரிய மாட்டான்.

எங்கள் தோட்டத்தில் இது வேடிக்கைக்காக ஆடுகிற ஆட்டம் இல்லை. காமன் கட்டுகிறவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டி விரதம் இருப்பான். எரிந்த பிறகு மூன்றாம் நாள் அவனைக் காமன் பொட்டலில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தி, நான் எழுப்புகிற பாட்டைப் பாட, தண்ணீர் தெளித்து எழுப்புவோம். அதற்குப் பிறகுதான் காப்பை அவிழ்ப்போம். எரிந்தவன் எழுப்பப்படாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முந்தின மாசியில் விஜிதரன் காமன். எரிந்த மறுநாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. தேர்வு ஒரு வாரம் முன்னால் தள்ளப்பட்டுவிட்டது, நாளைக் காலையில் மைதானத்தில் நிற்க வேண்டுமாம்.

கூத்துக் கமிட்டி கூடியது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். விஜிதரன் பீலிக்குப் பக்கத்தில் பையோடு நின்றான். கடைசியில் எல்லோரும் கொப்பிக்காரனைப் பார்த்தார்கள்.

"போடா," என்றேன். "சாமி ஒன்னும் கோவிச்சிக்காது. நாங்க பாத்துக்கிறோம்."

எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்றால், மூன்றாம் நாள் வெள்ளைத் துணிக்குக் கீழே தோட்டத்துப் பையன் கிஷாந்தைப் படுக்க வைத்தோம். கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு யார் என்று தெரியாது. நான் பாடினேன். எந்தப் பிசகும் இல்லாமல், அந்த வருடம்தான் மிக நன்றாகப் பாடினேன் என்று சொன்னார்கள். கிஷாந்த் தும்மிக்கொண்டே எழுந்தான்.

(இந்த இடத்தில் வாசகர் சிரிப்பார் என்று குறித்து வைத்திருந்தேன். சிரித்தீர்களா?)

4

கொழும்பு மைதானத்தில் விஜிதரன் பந்து எறிகிற மேட்டில் ஏறி நின்றதும் நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார். எறிபவனின் மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. ஆட்ட விதி. துடுப்பெடுத்தவனின் கண்ணை அது இழுத்துவிடுமாம்.

அவன் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தான். சாமிக்குக் கட்டியது, இன்னொருவர்தான் அவிழ்க்க வேண்டும், நாளைக்குத்தான் அவிழ்க்க வேண்டும். நடுவர் நல்ல மனிதர். திட்டவில்லை, சிரிக்கவில்லை. தன் கையாலேயே பக்குவமாக ஒரு கத்தரிக்கோலால் வெட்டி, துண்டை அவன் காற்சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

அன்று அவன் எறிந்ததைப் பார்த்துக் கோச் அங்கேயே கையெழுத்து வாங்கினார். அந்தப் பருவம் முழுவதும் அப்படித்தான். ஆகவே சாமி குத்தம், தெய்வ தண்டனை என்று நான் இங்கே உருட்டினால் கணக்கு உதைக்கும். எழுப்பப்படாதவன் ஒரு வருடம் எப்படி அவ்வளவு நன்றாக எறிந்தான்?

தோட்டத்தில் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். எரிந்த மரத்தில் உள்ளே கங்கு கிடக்கும் வரைக்கும் சூடு இருக்கும், அப்புறம் கரிதான். சொன்னது ஜீவராஜின் அம்மா. அந்த அம்மா என்னைவிட நல்ல எழுத்தாளர்.

5

இரண்டாம் பருவத்தை அவன் உள்ளிருந்து எழுத வேண்டும். பாட்டுக்காரனுக்கு அது வராது. முயற்சி செய்கிறேன்.

பந்து போக வேண்டிய தட்டு தெரிகிறது. ஐந்து மூலை, வெள்ளை. அதற்குப் பின்னால் கொழும்புப் பையன் ஒருவன் கிளவுசைக் காட்டிக் குந்தியிருக்கிறான். விஜிதரன் காலைத் தூக்குகிறான். தூக்கும்போதே மணிக்கட்டில், காப்பு இருந்த இடத்தில், ஒரு வளையம்போலக் குளிர்கிறது. குளிரை நினைக்காதே என்று நினைக்கிறான். பந்து போய்விட்டது. எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது, மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

தட்டுக்கு வெளியே நான்கு முறை எறிந்தால் எதிராளி துடுப்பைப் போட்டுவிட்டுச் சும்மா நடந்து போகலாம். அன்று ஆறு பேர் வரிசையாக நடந்தார்கள். முதல் மூன்று பேருக்குக் கூட்டத்தில் சிரிப்புக் கேட்டது. நான்காவது ஆளுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் அவன் நின்றுகொண்டு, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், என்னை யாராவது—

(இதற்கு மேல் எழுத முடியவில்லை. "என்னை யாராவது" என்ன? காப்பாற்றுங்கள் என்பதா? அடித்துப் போடுங்கள் என்பதா? நான் அவனைக் கேட்கவில்லை.)

படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார், தசையும் நன்றாக இருக்கிறது என்றார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். வலித்தால்கூடப் பரவாயில்லை என்று பஸ்ஸில் ஜீவராஜிடம் சொல்லியிருக்கிறான். வலித்தால் கை இருக்கிறது என்று தெரியுமாம்.

பிறகு தோட்டத்துக்கு வந்துவிட்டான். வீட்டில் இடது கையால் சாப்பிடுகிறான்.

6

தை மாதம் தனுஜா தோட்டத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொழுந்தெடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள், விரலெல்லாம் கறை.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும்."

"கேளும்மா. உள்ள வா மொதல்ல."

"இல்லண்ணே, நிக்கிறேன். அவர எழுப்பி விடுங்கண்ணே."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன். என் பழக்கம் அது.

"ஞாயித்துக்கெழம கொழும்புல எறியப் போறாரு. அதுக்கு முந்தி ஒருதரம். ஆளுங்க வேணாம், மோளம் வேணாம். நீங்க, நான், ஜீவா அண்ணன் போதும். அந்தப் பாட்டப் பாடி எழுப்பி விட்டுருங்க."

"அப்பிடித் தனியாப் பாட ஏலாதும்மா. மொறன்னு ஒன்னு இருக்கு. கம்பம் நடணும், காப்புக் கட்டணும், இந்த வருசத்துக் காமன் கிஷாந்து..."

"மொறையா?" அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கி எம் புருசனுக்குப் பாடவேண்டியத கிஷாந்துக்குப் பாடினீங்களே, அப்ப எங்கண்ணே போச்சி ஒங்க மொற?"

நான் கதவுக் கொண்டியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு அவரு டீம்ல ஆடணும்னு ஒன்னும் இல்லண்ணே. கை வேணும். புள்ள பொறந்தா தூக்க மாட்டேங்கிறாரு, கீழ போட்டுருவேன்னு இப்பவே சொல்றாரு." அப்போதுதான் அவள் வயிற்றைக் கவனித்தேன். "ஞாயித்துக்கெழமயும் கை வரலன்னா, அதுக்கப்பறம் அவரு ஆளா இருக்க மாட்டாருண்ணே. எனக்குத் தெரியும்."

ஏலாதும்மா என்று இன்னொரு தரம் சொன்னேன். அவள் போய்விட்டாள்.

7

இங்கே ஒரு அருமையான காட்சி எழுதி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், காமன் பொட்டல். விஜிதரன் வெள்ளைத் துணிக்குக் கீழே. ஜீவராஜ் சேலை இல்லாமல், ஃபெக்டரிக் காற்சட்டையோடு ரதியாக உட்கார்ந்திருக்கிறான். தனுஜா செம்பில் தண்ணீரோடு. நான் பாடுகிறேன். மூன்றாவது அடியில் துணிக்குள்ளே வலது கை மெல்ல அசைகிறது—

நடக்கவில்லை. நடந்திருக்கலாம், என்னைத் தவிர யாரும் தடுக்கவில்லை.

ஏன் மறுத்தேன் என்று உங்களுக்காவது சொல்ல வேண்டும். முறை, கம்பம், கிஷாந்த் எல்லாம் சும்மா. பாடி அவன் கை எழும்பாவிட்டால்? இருபது வருடமாக ஆட்களைப் படுக்க வைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் எழுந்தார்கள், ஏனென்றால் யாரும் செத்திருக்கவில்லை. முதல் தடவையாக ஒருவன் நிஜமாகவே செத்துக் கிடக்கிறான், முதல் தடவையாகப் பாட்டுக்கு வேலை வந்திருக்கிறது. எனக்குப் பயம். பாட்டு வெறும் பாட்டு என்று தெரிந்துவிட்டால் அப்புறம் நான் யார், கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் தகப்பன் பெயரைத் திருத்துகிறவன்தானே.

சீ. எழுதிய பிறகு பார்க்க இன்னும் கேவலமாக இருக்கிறது. வெட்டாமல் விடுகிறேன்.

8

சத்தியத்தை மீறப் போகிறேன். பனி வருகிறது.

புதன்கிழமை ஜீவராஜ் அச்சகத்துக்கே வந்துவிட்டான். மூச்சு வாங்கியது.

"முப்பது பந்துண்ணே! முப்பதும் தட்டு மேல!"

"எங்கடா?"

"பெரட்டுக்களத்துல. வெள்ளன, ஆளுங்க வர்றதுக்கு முந்தி. நான்தான் இழுத்துட்டுப் போனேன். சும்மா எறிடான்னேன். நான் கிளவுச நகத்தவே இல்லண்ணே. வச்ச எடத்துலயே வந்து விழுகுது."

"யார் பாத்தா?"

"நான்தான்."

"வேற யாரு?"

"பனிண்ணே. அவனுக்கு என்னையத் தெரியல, எனக்கு அவனத் தெரியல. பந்து மட்டும் வருது."

நான் சந்தேகமாகப் பார்த்திருக்க வேண்டும். அவன் முகம் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை நான் போய் நிறுவைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்தேன். கதை எழுதுகிறவன் கண்ணால் பார்க்க வேண்டாமா? அவர்கள் வந்தார்கள். பனியில் இரண்டு நிழல்கூட இல்லை, இரண்டு இருமல்தான். முதல் பந்து என் தலைக்கு மேலே தகரத்தில் விழுந்து இடிபோலக் கேட்டது. இரண்டாவதும் தகரம். மூன்றாவது எங்கோ தேயிலைக்குள் போனது.

"ஜீவா," என்று விஜிதரனின் குரல் வந்தது. "யாரோ நிக்கிறாங்கடா."

திருடனைப்போலக் குனிந்து ஓடிவந்தேன்.

அன்று பின்னேரம் ஜீவராஜ் என்னைத் திட்டவில்லை. லயத்துப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தன வருசமாண்ணே நான் ரதி கட்டுறேன்? ஒம்போது. ஒன் கண்ணுக்கு மட்டும் தெரிவான்னு சிவன் சொன்னதும் நான் சந்தோசமாச் சிரிக்கணும். ஒம்போது வருசமும் சிரிச்சேன். அது எவ்வளவு பெரிய கொடுமன்னு இப்பத்தான் தெரியிது." மூக்கைத் துடைத்தான். "அவன் எறியிறது எனக்கு மட்டும் தெரிஞ்சி என்னாண்ணே செய்ய? ஞாயித்துக்கெழம அங்க நான் மட்டுமா உக்காந்திருப்பேன்?"

அவன் போன பிறகு கொப்பியை எடுத்து எழுப்புகிற பாட்டை முதலிலிருந்து படித்தேன். கிஷாந்துக்குப் பாடியது விஜிதரனுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ? சேர்ந்துதான், உலகத்துக்குத் தெரியாத காமனைப்போல இப்படிப் பாதி எழுந்து நிற்கிறானோ? பாட்டு பலித்ததால்தான் இந்தக் கதியோ? இதை நான் தனுஜாவிடம் சொல்லப்போவதில்லை. உங்களிடம் சொல்லியிருக்கவும் கூடாது.

9

முடிவுகள்.

(அ) ஞாயிற்றுக்கிழமை விஜிதரன் எறிகிறான், கோச் தொப்பியைக் கழற்றுகிறார், போனில் தனுஜா அழுகிறாள். இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது, எல்லாம் மங்களம், எதுவும் நடக்கவில்லை.

(ஆ) அவன் எறிகிறான், ஏழாவது ஆளும் நடந்து போகிறான். இதை எழுதுவது சுலபம். அரைப் பக்கத்தில் வந்துவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது, அவ்வளவு சுலபமாக வந்தது.

(இ) அவன் ரயிலேறவே இல்லை. தனுஜாவைப்போல எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் போகாதவன் மிச்ச வாழ்நாள் முழுவதும் அந்த மேட்டிலேயே நிற்பான்.

எதுவும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. மத்தியான ரயிலில் அவன் போகிறான். விடிந்ததும் நான் பெரட்டுக்களத்துப் பாதையில் போனேன். கொட்டகை வரை போகவில்லை. வளைவிலேயே நின்று, களத்துக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னாலேயே தனுஜா அங்கே உட்கார்ந்திருந்தாள், அவளும் முதுகைக் காட்டி. என்னைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள்.

பின்னால் சத்தம் கேட்டது. பந்து தோலில் விழுகிற சத்தம். தகரம் இல்லை, தோல். மறுபடியும் தோல். தனுஜா கறை படிந்த விரலை மடக்கி எண்ணினாள். நான் வாய்க்குள்ளே பாட ஆரம்பித்திருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

பதினேழு பந்து. பதினேழும் தோல்.

கொழும்பில் பனி இறங்காது. நாளைக்கு வெயில் இருக்கும், நடுவர் இருப்பார், கோச் இருப்பார், வேலியோரம் ஒரு கூட்டம் இருக்கும், அத்தனை பேருக்கும் கண் இருக்கும். அதற்கு என்னிடம் பாட்டும் இல்லை, கதையும் இல்லை.

ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்துக்குப் பெரட்டுக்கு ஆட்கள் வரமாட்டார்கள். பதினெட்டாவது பந்துக்கு அவன் காலைத் தூக்கிவிட்டான். நானும் பார்க்கவில்லை, தனுஜாவும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான். இவ்வளவு நேரம் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டீர்கள், போதும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் வரை அந்தப் பந்து அவன் கையை விட்டுப் போகாது. எனக்காக வேண்டாம், இந்தப் பெண்ணுக்காக, தயவுசெய்து, கண்ணை எடுத்து அங்கிட்டு